புதன்கிழமைக் கிடாரம்

கிடாரம் பிள்ளையாருடையது.
தரும்போது கோயில் தலைவர் சொன்னது ஒன்றே ஒன்று:
மச்சம் படக்கூடாது.
அப்படித்தான் தொடங்கியது எங்கள் மரக்கறிச் சமையல்.
கொள்கை என்று ஏதும் இல்லை,
இரவல் பாத்திரத்தின் நிபந்தனை.

விசுவமடு. சனசமூக நிலையத்துப் பின்வளவு.
தம்புள்ளை லொறி வராத கிழமை
பூசணிக்காய் கிலோ பதினைந்துக்கும் போகவில்லை.
நிரோசன் வாய்க்காலுக்குள் உருட்டிவிடப் போனான்.
உருட்டாதே, இங்கே பறி என்றோம்.
லாண்ட்மாஸ்டர் பெட்டி நிறைய இரண்டு நடை.
அடுப்புக்குப் பாலை விறகு,
உப்பு மட்டும் கடையில்.

நீராவிப்பிட்டியிலிருந்து றஸீனா வருவா,
ஸ்கூட்டியின் காலடியில் ஒரு சாக்குக் கத்தரிக்காய்.
"இந்தக் கிடாரத்துச் சோறென்றால்
யோசிக்காமல் வாயில் வைக்கலாம்" என்பா.
சபைக்குப் போகிற கலிஸ்ரா
முதல் நாள் தயங்கித் தயங்கிக் கேட்டா:
படைத்த சோறோ?
இல்லை, பசித்த சோறு என்றா யோகமலர்,
திருவலையிலிருந்து கையை எடுக்காமல்.

எனக்கு எண்ணுகிற வேலை.
நாற்பது பக்கக் கொப்பி.
பெயர் எழுதுவதில்லை,
நாலு கோடு, குறுக்கே ஒன்று.
பெயர் எழுதி வாங்கிய சாப்பாடு
எங்கள் எல்லோருக்கும் தெரியும்.
முகாம் கம்பிக்குள், அட்டையைக் காட்டி,
குடும்பத் தலைவர் எங்கே என்று கேட்கக் கேட்க.
அது போதும்.

பன்னிரண்டரைக்கு வரிசை.
கண்ணிவெடி எடுக்கிற பெட்டைகள், முழங்கால்வரை செம்மண்.
பரந்தன் வீதியில் லொறியை ஓரங்கட்டிய சாரதி.
பிந்தி வந்து முன்னுக்கு நிற்கப் பார்க்கும் பொன்னுத்துரை.

ஒரு மணிக்கு சுவீகரன்.
கழுத்தில் அடையாள அட்டை, இடுப்பில் காசுப்பை,
கறுப்புப் பல்சர்.
புதன் என்றால் அவனுக்கும் எங்கள் ஊர்தான்.
யோகமலரிடம் கிழமைக்கு ஆயிரத்து எழுநூற்றைம்பது,
கலிஸ்ராவிடம் மூன்று கிழமை நிலுவை.
அவனிடமும் ஒரு கொப்பி.
அதில் பெயர்கள்.

பெண்கள் புகைக்குள் இன்னும் கொஞ்சம் தள்ளி நின்றார்கள்.
அவன் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.
கறிக்குக் கடைசிப்பால் விட்ட நேரம் அது.
அவன் எச்சில் விழுங்கியதைக் கண்டேன்,
தொண்டை மட்டும் அசைந்தது.

"சாப்பிட்டியோ?"
பதில் இல்லை.
"அக்கா, கட்டுக்காசு..."
"அது இரண்டு மணிக்கு. இப்ப சோறு."

அவனுக்கும் வரிசைதான், பொன்னுத்துரைக்குப் பின்னால்.
ஹெல்மெட்டைத் தலைகீழாய் மண்ணில் வைத்து
அதன் பக்கத்தில் குந்தினான்.
பூசணி, பருப்பு, முருங்கையிலை வறை,
கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு.
இன்னொருக்கால் கேட்க வாய் வராமல்
கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான்.
றஸீனா கேட்காமலே போட்டா.
விடிய நாலரைக்கு மல்லாவியில் வெளிக்கிட்டவனாம்.
அறவிடாத காசு அவன் சம்பளத்தில் கழியுமாம்.
இதெல்லாம் அவன் பருப்புக்குச் சொன்னது,
எங்களுக்கு அல்ல.

இரண்டு மணி.
கையைக் கழுவி, காற்சட்டையில் துடைத்து,
கொப்பியைத் திறந்தான்.
யோகமலர் முடிச்சை அவிழ்த்தா. எண்ணூறு.
மிச்சம்?
அடுத்த புதன்.
எழுதினான். தண்டமும் சேர்த்து எழுதினான்.
வேறு எதையும் நாங்கள் எதிர்பார்க்கவில்லை.

பிறகு வந்து கிடாரத்தின் ஒரு காதைப் பிடித்தான்.
அடிப்பிடித்த கிடாரம், தனியே தூக்கேலாது.
மற்றக் காது எனக்கு.
குழாயடிவரை இரண்டு பேரும் பேசவில்லை.
சாம்பலும் தும்பும் போட்டு நல்லாகத்தான் தேய்த்தான்.
ஆறு மணிப் பூசைக்கு முன் பிள்ளையாரிடம் சேர்க்க வேணும்.

அன்றைக்கு நூற்றுப் பதின்மூன்று கோடு.
அவனுடையதும் அதற்குள் இருக்கிறது.
எதென்று எனக்குத் தெரியாது.