சந்து வாசல்

ஏழு பூச்சு. சுரண்டிச் சுரண்டி இறங்கினேன்.
மேலே, கார் நிறுத்த வாடகைக்கு விட்ட காலத்துச் சாம்பல்.
அடியில் ஒரு பாசிப்பச்சை, தள்ளுபடியில் வாங்கியிருப்பார்கள்.
பழுப்பு. மறுபடி பழுப்பு. ரோஜா.
வாங்கியது தான்தான் என்று யாரும் ஒப்புக்கொள்ளாத ஊதா.
ஏழாவது,
சுண்டுவிரல் நகமளவு தங்கம்.

ஒஹையோ ஆற்றின் தென்கரை.
எஃகு உலை அணைந்து முப்பது வருஷமான ஊர்.
கடைவீதியில் பாதிக் கடைகள் பலகை அடித்துக் கிடக்க
நடுவில் பெல்வெடியர் தியேட்டர்
கால் முறிந்த மாப்பிள்ளை மாதிரி
சாரக்கட்டோடு நின்றது.
என் வேலை சுதை.
கூரையைச் சுற்றி நாற்பது தேவதைக் குழந்தைகள்,
அத்தனைக்கும் மூக்கில்லை.
கூலி மூக்குக் கணக்கில்.

மேடைக்குப் பின்னால் மூன்றாம் எண் ஒப்பனை அறை.
கண்ணாடி கழற்றிய சுவரில் பென்சில் எழுத்து:
திங்கள், சிரிப்பில்லை.
செவ்வாய், இருமல்.
புதன், நாய் வித்தைக்குப் பிறகு என்னை விட்டார்கள். நாயைக் கேட்டார்கள்.
வியாழன், ஒருவர் சிரித்தார். மாடியில்.
வெள்ளி, அதே மாடி, அதே ஆள். நன்றி.
கீழே: ஃபினியஸ் டப், 1916.
அந்தச் சுவரில் மட்டும் நான் கரண்டி வைக்கவில்லை.

படம் பேசத் தொடங்கிய வாரம்
ஆர்கன் வாசித்த லியோட்டா வான்ஸ்
கையுறையைக் கட்டைகள்மேல் வைத்துவிட்டு எழுந்துபோய்
ஈமக்கூடத்தில் வாசிக்கச் சேர்ந்தாளாம்.
"இங்கே இன்னும் யாரும் பேசத் தொடங்கவில்லை" என்றாளாம்.
முப்பத்தேழு வெள்ளத்தில் அவளுடைய ஆசனம்
மூன்றாம் வரிசை வரை மிதந்து வந்து
உட்கார்ந்துகொண்டதாம்.
இதெல்லாம் கமிட்டி அச்சடித்த கையேட்டில் இருக்கிறது.

கையேட்டில் இல்லாதது
சந்துப் பக்கத்துச் செங்கல்.
மற்ற சுவரைவிடச் சிவப்பு கம்மி, சாந்து புதுசு.
தட்டினால் உள்ளே காலி.
இடித்தோம். படிகள்.
கறுப்பர்கள் ஏறிப் போக வைத்த தனிப் படி.
அதன் முடிவில் ஒரு மரக் கூண்டு, டிக்கெட் கொடுக்க,
ஒரு கை மட்டும் நுழையும் ஓட்டை.

தலைவர் தர்லோ பிரீவிட் கழிவறை போடலாம் என்றார்.
நல்ல மனுஷன்தான். அவர் அம்மா பேரில் இரண்டு நாற்காலி.
"பழையபடி ஆக்குவதுதானே நம் வேலை" என்று யாரோ சொல்ல
எந்தப் பழையபடி என்று யாரும் கேட்கவில்லை.
தங்கத்துக்குப் பதினாலாம் வருஷம்,
குளிர்சாதனத்துக்கு இந்த வருஷம்.
படிக்கு?
ஓட்டெடுப்பில் ஒரு வித்தியாசத்தில் படி பிழைத்தது.

திறப்பு விழா.
ஒடெஸ்ஸா கிளேபுரூக்குக்கு எண்பத்து நாலு வயது,
முன்வரிசையில் ரிப்பன் கட்டிய இருக்கை.
அவர் சந்துக்குள் திரும்பினார்.
பின்னாலேயே ஓடினேன், கைப்பையை வாங்கிக்கொண்டேன்.
நாற்பத்து மூன்று படி, நடுவே நிற்க இடமில்லை.
இருபதாவதில் யாரையோ திட்டினார்.
மேலே வந்து, இரண்டாம் வரிசை ஓரம், உட்கார்ந்து
மூச்சு வாங்கி முடித்ததும் சொன்னார்:
"சத்தம் இங்கேதான் சுத்தமாகக் கேட்கும்.
கீழே இருந்தவர்களுக்கு அது கடைசிவரை தெரியவே இல்லை."

பிறகு கூரையைப் பார்த்தார். வெகுநேரம்.
"இந்தக் குழந்தைக்கு ஏது மூக்கு?"
நான்தான் வைத்தேன் என்றேன், கொஞ்சம் பெருமையாக.
"என் தம்பி ராஸ்கோ உடைத்தது.
முப்பத்தெட்டில். வலது ஷூவைக் கழற்றி எறிந்தான்.
படம் அவ்வளவு மோசம்.
ஒற்றைக் காலோடு வீடு வரை நடந்தான்."
சொல்லிச் சிரித்தார்.
கீழே எழுநூறு தலைகள் திரும்பின.

திங்கட்கிழமை தியேட்டருக்கு விடுமுறை.
சாரத்தை இன்னும் பிரிக்கவில்லை.
என்னிடம் பின்கதவுச் சாவி இருக்கிறது,
ஒரு சின்னச் சுத்தியலும்.