பிடித்தம்

சம்பளச் சீட்டில் ஏழாவது வரி:
தொழில் வரி, இருநூறு.
மாதா மாதம்,
ஆந்திர அரசுக்கு.

ஜூன் கடைசிவரை மணலியில் இருந்தேன்.
கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனி.
வீட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் இருபது நிமிஷம்.
கணக்கு முடித்த அன்று
மாநகராட்சிக்கென்று ஆயிரத்துச் சொச்சம்
எடுத்துக்கொண்டுதான் மிச்சத்தைப் போட்டார்கள்.
அரையாண்டு வரியாம்.
செப்டம்பர்வரை மணலி என்னை விடவில்லை.

ஜூலையில் அதே ஒயர்,
அதே சிவப்பு, அதே மஞ்சள்,
எல்லைக்கு அந்தப் பக்கம்.

ஒரே மூன்று மாதத்துக்கு
இரண்டு பேர் கை நீட்டுகிறார்களே என்று
மஸ்தானய்யாவிடம் கேட்டேன்.
சம்பளப் பட்டியல் போடுகிறவர், சூளூர்ப்பேட்டைக்காரர்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
"உண்டேதி எக்கட?" என்றார்.
திருவொற்றியூர்.
"பனி?"
அவருக்குப் பனி என்றால் வேலை.
எனக்கு மார்கழி.
இங்கேதான் சார், என்றேன்.
"அப்ப இங்கதானம்மா கட்டணும்.
தூங்கற ஊரு கேக்காது."

ஒரு நாள் சம்பளத்தை விட்டு
முதல் மண்டல அலுவலகம் போனேன்.
சுகிர்தராஜ் என்று பெயர்ப்பலகை.
ஃபைலைப் பார்க்காமலே சொன்னார்:
"அறுபது நாளைக்கு மேல வேலை பாத்துட்டீங்கன்னா
அரையாண்டு முழுசும் எங்களுக்கு."
ஏப்ரல் முப்பது, மே முப்பத்தொன்று, ஜூன் முப்பது.
அவர் விரலால் எண்ண
நான் உதட்டால் எண்ணினேன்.
தொண்ணூற்றொன்று.
சட்டம் சரி. கூட்டலும் சரி.
வெளியே ஒரு டீ குடித்தேன், பதினைந்து ரூபாய்.

ரயில் நாலே முக்காலுக்கு.
மீஞ்சூரில் உட்கார இடம் கிடைக்கும்.
கும்மிடிப்பூண்டியில் இடுப்பு வலி தொடங்கும்.
ஆரம்பாக்கத்துக்கும் தடாவுக்கும் நடுவில்
கைப்பேசி ஒருதரம் அதிரும்:
வரவேற்கிறோம்.
பெட்டியில் யாரும் கண் திறப்பதில்லை.
எதிர் சீட்டுப் பெண்ணின் தலை
தமிழ்நாட்டில் சாய்ந்து
ஆந்திராவில் என் தோளில் விழும்.

எபினேசர் ஒரு ராத்திரி
ரேஷன் கார்டுக்குப் பின்னால் கணக்குப் போட்டார்.
அங்கே பத்து மணி நேரம்,
ரயிலிலும் பஸ்ஸிலும் நாலு,
தூக்கம் ஆறு.
"எங்களுக்கு நாலு மணி நேரம்தான் மிச்சம்.
அதுல குழம்பு வேற வைக்கணும்" என்றார்.
சிரித்தேன்.
அன்றைக்குக் குழம்பு அவர் வைத்தது.

டிசம்பரில் தடா ஸ்டேஷன் சந்து இருட்டு.
ஒரே ஒரு கம்பம், அதில் பல்பு இல்லை.
காலுக்கடியில் கல்லா நாயா தெரியாது.
மூன்றாம் நாள் விழுந்தேன்.
முட்டி கிழிந்தபடியே
பக்கத்துப் பஞ்சாயத்து ஆபீசில் ஏறி நின்றேன்.
எந்த ஊர் என்று கேட்டார் ஒருவர்.
பதில் சொல்லவில்லை.
பையிலிருந்து சம்பளச் சீட்டை எடுத்து விரித்து
ஏழாவது வரியில் விரல் வைத்தேன்.
ஆறு மாதமாய்க் கட்டுகிறேன், ஆயிரத்து இருநூறு.
அதில் ஒரு பல்பு வராதா?

வாங்கிப் படித்தார்.
இது பஞ்சாயத்துக்கு வருகிற பணம் இல்லையென்று
பொறுமையாகத் தெலுங்கில் விளக்கினார்.
முட்டிக்குப் பஞ்சு கொடுத்தார்.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை
ரயிலிலிருந்து இறங்குகிறேன்,
சந்து முழுக்க வெள்ளை வெளிச்சம்.
பனியில் கம்பம் தனியாக நிற்கிறது.
யார் சொல்லிப் போட்டார்களோ.
அதன் கீழே நடக்கும்போது
சொந்த வீட்டு வாசல்போல
கொஞ்சம் மெதுவாக நடந்தேன்.

ராத்திரி திரும்பினால்
எங்கள் தெருமுனை விளக்கு செத்துக் கிடக்கிறது,
மூன்று வாரமாய்.

மணலிக்காரர்கள் கொடுத்த ரசீது
பீரோவில் எந்தத் தட்டில் என்று
எபினேசரைத் தேடச் சொல்லியிருக்கிறேன்.