பத்து நிமிட விரிசல்

குளிரில் மட்டும் பேசும் அது.
டிக் டிக் டிக் என்று, எஞ்சினுக்கு அடியில், இடப்பக்கம்.
பத்து நிமிடம் ஓடினால் இரும்பு பருத்துத்
தன் காயத்தைத் தானே கடித்து மூடிக்கொள்ளும்.
பிறகு கேட்டால் ஒன்றுமில்லை என்னும்.
எனக்கு அந்தக் குணம் பழக்கம்.

குஷிரோவில் பிப்ரவரி. சாலையெல்லாம் உப்பு.
மீன் ஏல மண்டியில் இரவுக் கணக்கை முடித்து
நாலரைக்கு வெளியே வந்தால்
கண்ணாடி உறைந்து நிற்கிறது என் வண்டி.
மூக்கில் அறுமீன் சின்னம், இருபத்தைந்து வயது, டர்போ.
மணவிலக்கில் அவர் ஃபிரிட்ஜை எடுத்துக்கொண்டார்,
சோறு வடிக்கும் குக்கரையும்.
நான் இதை எடுத்தேன்.
யாருக்கு லாபம் என்று இன்னும் தெரியவில்லை.

ஹதகேயாமா லிஃப்டில் ஏற்றி டார்ச் அடித்துக் காட்டினார்.
மேனிஃபோல்டின் கழுத்தில் மயிரளவு கோடு.
சுற்றிலும் கரி,
அவசரத்தில் மையிட்ட கண் போல.

மூன்று இருந்தன.

பெஞ்சின் மேல், துணி விரித்து, பளபளக்கும் ஸ்டெயின்லெஸ்.
நான்கு குழாயும் ஒரே நீளம்.
நான்கு மூச்சும் வரிசை தப்பாமல் டர்போவை எட்டும்,
இழுவை கூடும், ஓசை வழவழப்பாகும்.
"ஆனால் அந்தத் தொறதொற போய்விடும்" என்றார்,
பக்கத்து வீட்டு நாய் செத்ததைச் சொல்லும் குரலில்.

அதற்குப் பக்கத்தில், செய்தித்தாள் மேல்,
கிதாமியில் நசுங்கிய ஒரு வண்டியிலிருந்து கழற்றியது.
ஒரு குழாய் நெட்டை, ஒரு குழாய் குட்டை.
கிளம்பும் பேருந்துக்கு ஓடி வருபவர்கள் போல
முந்தியும் பிந்தியும் வந்து முட்டும் மூச்சு.
துரு உண்டு. ஓட்டை இல்லை.

மூன்றாவதை அவர் காட்டவில்லை, காலால் ஒதுக்கினார்:
கேட்டலிஸ்ட் இல்லாத வெற்றுக் குழாய்.
"இதை மாட்டினால் பரிசோதனையில் திருப்பி அனுப்புவார்கள்.
அதற்கு முன்பே தெரு உங்களைச் சபித்துவிடும்."

நான் குதிரைசக்தியை நினைக்கவில்லை.
பாலத்துச் சிக்னலை நினைத்தேன்.
அதன் மூலைக் கட்டடத்தில் மூன்றாம் மாடி அவருடையது.
தொறதொற கேட்டால் அங்கே திரை அசையும்.
அசைந்ததைப் பார்த்திருக்கிறேன்,
பார்க்கவில்லை என்று அக்காவிடம் சொல்லியும் இருக்கிறேன்.
ஒரே நீளக் குழாய் போட்டால்
நான் யாரோ.
வேலைக்குப் போகும் ஏதோ ஒரு வண்டி.

"ஸ்டெயின்லெஸ்" என்றேன்.
விலையைச் சொன்னார்: ஒரு மாதச் சம்பளம், அதற்கு மேலும் கொஞ்சம்.
"பரவாயில்லை."

மறுநாள் மதியம் தூக்கத்தில் தொலைபேசி.
"ஓசனாய் சான், ஸ்டட் ஒன்று முறிந்துவிட்டது,
எஞ்சின் தலைக்குள்ளேயே.
உப்பு தின்ற திருகு. சூடு காட்டினேன், எண்ணெய் விட்டேன்,
மெழுகு உருக்கி ஊற்றிக் கெஞ்சியும் பார்த்தேன்."
சற்றுப் பொறுத்து, "இன்னொன்றும்தான்."
துளையிட்டு எடுக்க வேண்டும், புது மரை வெட்ட வேண்டும்,
இரண்டு நாள் கூலி.

கணக்கு என் தொழில்.
பேனாவைக்கூட எடுக்கவில்லை.
"அப்படியானால் கிதாமி வண்டியுடையது.
கேஸ்கெட் மட்டும் புதிதாக. அதில் சிக்கனம் வேண்டாம்."
மறுமுனையில் அவர் சிரித்தது போலிருந்தது,
அல்லது ஸ்பேனர் விழுந்தது.

வியாழன், நாலரை, மைனஸ் பதினெட்டு.
சாவியைத் திருப்பினேன்.
தொறதொற தொறதொற.
அதற்குள் காதை நுழைத்து டிக்கைத் தேடினேன்.
பழக்கதோஷம், பத்து நிமிடம் உட்கார்ந்தே இருந்தேன்,
இரும்பு பருத்து எதையாவது மூடட்டும் என்று.
மூடுவதற்கு ஒன்றும் இல்லை.

கிதாமியில் நசுங்கியபோது
உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்களா?
கேட்கவேண்டும் என்று தோன்றவே இல்லை, இவ்வளவு நாளும்.

பாலத்துச் சிக்னல் சிவப்பு.
ஆக்சிலரேட்டரில் என் கால்
தேவைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது,
ஒத்துக்கொள்கிறேன்.
மேலே பார்க்கவில்லை.