மூன்றாவது வாங்கு

விசுவமடுவில் மாரி முதலில் வருவது
எங்கள் கூரைக்கு.
தகரம்.
உடையார்கட்டுப் பக்கமிருந்து ஓர் இரைச்சல் நடந்து வந்து
பத்தாம் வகுப்பு 'பி'யின் தலையில் ஏறும்.
கணித ரீச்சரின் வாய் மட்டும் அசையும்.
நாங்கள் கத்துவோம், வாங்கில் தட்டுவோம்,
அது எங்களுக்குத் திருவிழா.

மிதுலன் எழும்புவான்.
கொப்பியை மூடி, பேனையை மூடி,
மூடியது மூடியதுதானா என்று இன்னொருதரம் பார்த்து
வெளியே போவான்.
பாலைமரத்துக்கும் சைக்கிள் கொட்டிலுக்கும் நடுவே
வெட்டவெளியில் நிற்பான்,
நனைந்துகொண்டு, நிம்மதியாக.

நாங்கள் சிரித்தோம்.
அந்தச் சிரிப்பில் என் குரல் கொஞ்சம் கூட.

யார் எது சொன்னாலும்
கடைசிச் சொல்லைத் திருப்பிச் சொல்வான்.
"வீட்டுவேலை செய்தியோ?"
"செய்தியோ."
அவனுக்கு 'எக்கோ' என்று பெயர் வைத்தவன் நான்.
ஒரு வாரத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளும் பழகிவிட்டார்கள்.
எனக்குப் பெருமையாக இருந்தது.
மறைக்காமல் எழுதுகிறேன், பெருமைதான்.

இல்ல விளையாட்டுப் போட்டி. உதைபந்து.
எங்கள் சட்டை சிவப்பு, அவர்களது பச்சை.
கடைசி நிமிடம், பந்து என் காலில்.
தனித்து நின்ற ஒரு சட்டைக்குக் கொடுத்தேன்.
பச்சை.
கபிலாஷ் நிலத்தை உதைத்தான்.
"கண்ணுக்குள்ள வெய்யில் மச்சான்."
வன்னி வெய்யில். எல்லாரும் நம்பினார்கள்.

கோட்டுக்கு வெளியே பந்து பொறுக்க நின்ற மிதுலன்
என்னைப் பாராமல், புல்லைப் பார்த்துச் சொன்னான்:
"உனக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்டு."

இந்த மண்ணைச் செம்மண் என்று நான் சொல்வது
மற்றவர்கள் சொல்லக் கேட்டு.
அம்மாவுக்கே தெரியாது.
அன்றிரவு நித்திரை இல்லை.
விடிந்தால் எனக்கும் ஒரு பெயர் வரும்,
பெயர் வைப்பதில் நாங்கள் கெட்டிக்காரர்.

விடிந்தது. அடுத்த நாளும் விடிந்தது.
அவன் யாருக்கும் சொல்லவில்லை.
ஒளித்து வைத்திருக்கிறான் என்றும் தோன்றவில்லை.
அவனுக்கு அது ஒரு புதினமே இல்லை:
பாலைமரம் உயரம், சாரங்கன் இடக்கை,
இவனுக்கு இரண்டு நிறம் ஒன்று.

அதற்குப் பிறகும்தான்,
கார்த்திகையில் ஒருநாள் மழை தொடங்க
யாரோ பகிடிக்குக் கதவைச் சாத்தினார்கள்.
யாரோ இல்லை.
சாத்தியது கபிலாஷ்,
கொண்டி போட்டது என் கை.

அவன் கதவைத் தட்டவில்லை.
ஒரு காதைத் தோளால் அடைத்து
மறுகாதை உள்ளங்கையால் பொத்தி
மற்றக் கையைக் கடித்தான்.
இரத்தத்தின் நிறம் எனக்குத் தெரியாது.
அதன் ஈரம் தெரிந்தது.

கொண்டியை இழுத்தேன்.
"சொறியடா, மிதுலன்."
"மிதுலன்," என்றான் அவன்.
அன்றுதான் நான் அந்தப் பெயரை
முதன்முதல் சொல்லியிருந்தேன்.

இப்போது மூன்றாவது வாங்கில் அவனுக்குப் பக்கத்தில் நான்.
அவன் எங்களுக்கு எதையும் வென்று தரவில்லை.
கணக்கில் என்னைவிடக் குறைவு,
பந்து பிடிக்க இன்னும் தெரியாது.
தோளில் கைபோட்டால் விலகுவான்,
ஆகவே நடுவில் ஓர் அடிமட்டம் கிடக்கிறது.
சிலநாள் மறந்து தாண்டுவேன்,
அதாலேயே ஒரு தட்டுத் தட்டுவான்.

மழை வந்தால் கதவுக்குக் கல் வைப்பது என் வேலை.
தூவானத்தில் தர்மிகாவின் கொப்பி நனையும்,
அவள் ஏசுவாள். நியாயம்தான்.

புதிதாக வந்த பெடியன் கேட்டான்,
"ஏன் இவன் மழைக்குள்ள நிக்கிறான்?"
"உள்ள சத்தம்."
பிறகு, யாரும் கேளாமலே,
"எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்டு."

அவன் கொஞ்சம் சிரித்தான்.
கபிலாஷ் திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னான்.
தகரத்தில் மழை,
எனக்குக் கேட்கவில்லை.