உள்ளே ஒன்றுமில்லாத மூட்டை

பூம்பாறை லோடில் ஒரு மூட்டைப் பட்டாணி பிஞ்சு.
உறைபனி விழுமென்று பயந்து
ஞானமுத்து முந்திப் பறித்துவிட்டார்.
நசுக்கினால் தட்டை.
உள்ளே மணியென்று
ஊசிக்காது பருமனில் ஏதோ இருந்தது.
போனில் நாலு வார்த்தை கேட்டேன்.
"மாட்டுக்குப் போடு ஒச்சம்மா" என்றார்.
லாரி வாடகை யார் கொடுப்பது,
மாடா?

மாட்டுத்தாவணியில் விடிகாலை நாலே முக்கால்.
மார்கழிக்கு நாங்கள்தான் குல்லா மாட்டியிருந்தோம்;
அவள் மாட்டவில்லை.
பைபாஸ் ரோட்டில் மோமோ அவிக்கிறவனின் பெண்சாதி,
நேபாளத்துக்காரி,
வயிறு லேசாக முன்தள்ளியிருந்தது.

"கோசா" என்றாள்.
முட்டைக்கோசு ஒன்றைத் தூக்கிக் கையில் வைத்தேன்.
தலையாட்டித் திருப்பித் தந்தாள்.
"கோசா, கோசா."
இன்னும் பெரிசாக ஒன்று எடுத்துக் காட்டினேன்.
சிரித்துவிட்டாள். எனக்குக் கோபம்,
நாலே முக்காலுக்கு யார் சிரிப்பார்கள்?

அப்புறம் அந்த மூட்டையைப் பார்த்தாள்.

உட்கார முடியாமல் உட்கார்ந்து
ஒரு காயை எடுத்து நுனியைக் கிள்ளினாள்.
டிக்கென்று ஒடிந்தது.
ஓரத்து நாரை உருவிக் கீழே விட்டுவிட்டு
அப்படியே வாயில் போட்டுக்கொண்டாள்,
தோலோடு, பச்சையாக.

"உள்ள ஒண்ணுமில்லம்மா" என்றேன்.
நேர்மையாகத்தான் சொன்னேன்,
வருகிற கிராக்கியை விரட்டுகிற நேர்மை.
"ஒண்ணும் வேணாம்" என்றாள்.
வேண்டாம் என்கிறாளா,
ஒன்றுமில்லாததுதான் வேண்டும் என்கிறாளா?

பெரியாஸ்பத்திரிச் சீட்டை எடுத்து நீட்டினாள்.
படிக்கத் தெரியாவிட்டாலும்
அந்தக் கட்டத்து எண் எனக்குத் தெரியும்:
ரத்தம் ஒன்பது.
என் மூத்தவன் வயிற்றில் இருந்தபோது எனக்கு எட்டு.
முருங்கைக்கீரையை முறைத்துக்கொண்டே தின்றேன்.
இவளுக்கு அவள் அம்மா
போனில் சொல்லியிருக்கிறாள்,
உருளைக்கிழங்கோடு கோசா, கீரை, பருப்பு.
டாக்டர் தந்த மாத்திரையும் பையில் கிடந்தது.

ஆறு கிலோ நிறுத்தேன்.
விலை சொல்ல வாய் வரவில்லை;
மாட்டுக்குப் போவதற்கு என்ன விலை?
நூறு ரூபாயைத் தராசில் வைத்துவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாள் ஒரு டிபன் டப்பா வந்தது.
கடுகெண்ணெய் வாசம்,
கருகக் கருக வெந்தயம்,
பச்சை மாறாத காய்.
மிளகு மாதிரி ஒன்றைக் கடித்தேன்,
நாக்கு மரத்துப்போனது.
பல் டாக்டர் ஊசி போட்ட மாதிரி
அரைமணி நேரம் வியாபாரம் பேச முடியவில்லை.
பக்கத்துக் கடை வெங்காயத்துக்காரன்
இதை வாரம் ஒருதரம் கொடுக்கச் சொன்னான்.

இரண்டு பிடி எடுத்து
நானும் வீட்டில் வதக்கினேன்,
நல்லெண்ணெய், தேங்காய்ப்பூ.
மூத்தவன் கேட்டான்,
"உரிக்க மறந்துட்டியாம்மா?"
கேட்டுக்கொண்டே தட்டைக் காலி செய்தான்.

பூம்பாறைக்குப் போன் போட்டேன்.
"வாரம் ஒரு மூட்டை முத்தவிடாதீங்க."
"அன்னைக்குத்தானே திட்டுன?"
"அன்னைக்குத் திட்டுனேன்."

அன்றைய சீட்டில் என் கையால்
தெரிந்த நாலு எழுத்தைக் கூட்டி எழுதியிருந்தேன்:
கோசா, ஆறு கிலோ, நூறு.
சாயங்காலம் கணக்குப்பிள்ளை வேலாண்டி
அதைக் கோசு என்று திருத்திவிட்டு,
முட்டைக்கோசில் ஆறு கிலோ
கூடுதலாக நிற்கிறதே, எப்படி என்று
இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறார்.