தலைக்கு மேலே

ஹெட்டைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்திருந்தேன்.
றம்பொடை வளைவுகளில் தொடையை அமுக்கி அமுக்கித்
தன் எடையைச் சொல்லிக்கொண்டே வந்தது.
கால் மரத்துப்போய்ப் பக்கத்துச் சீட்டில் இறக்கினேன்.
கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கட் கிழித்தார்.
"இரும்பு, ஐயா."
"உட்கார்ந்துதானே வருது."

கட்டுகஸ்தோட்டையில் தௌபீக் நானா
மண்ணெண்ணெய் பூசினார், துடைத்தார், சோக்குத் தூள் தூவினார்.
இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே
மயிரிழையாய் ஒரு ஈரக் கோடு
தன்னைத் தானே எழுதிக்கொண்டது.
"வார்ப்பிரும்பு, தம்பி. ஒட்டினா ஒட்டும்."
ஒட்டவில்லை.
அந்த ஒரு வாக்கியத்துக்கு முப்பத்தையாயிரம்.

இன்னொரு ஹெட் வெலிமடைச் சந்தையில் கிடைத்தது,
கோவா மூட்டைகளின் தார்ப்பாய்
காற்றில் பறக்காமல் இருக்கப் பாரமாக.
எட்டாயிரம் என்றார் கடைக்காரர்.
நான் அதைப் புரட்டி, எண்ணைத் தடவிப் படித்த விதத்திலேயே
பதினையாயிரம் ஆகிவிட்டது.
பாரத்துக்கு ஒரு கல்லையும் நானே தேடிக் கொடுத்தேன்.

அலுமினியத்தில் போடு, பாதி எடை, என்றான் மச்சான்.
முடியாது.
பழைய வண்டி வகுப்பில்
பிறந்த இரும்போடுதான் ஓட வேண்டும்.

அந்தக் காலத்துப் பெட்ரோலில் ஈயம் இருந்ததாம்,
வால்வு வந்து உட்கார அது மெத்தையாம்.
இப்போது மெத்தை இல்லை.
எட்டு இடத்தையும் குடைந்து எட்டு உருக்கு வளையம்.
எட்டு வால்வு மட்டும் ஐம்பத்திரண்டாயிரம்,
கப்பலில் வந்தது, டொலர் ஏறிய கிழமை.
ஆறாயிரம் அடி உயரத்தில் காற்றே இளைத்துப் போயிருக்கிறது;
இருக்கிற காற்றை இறுக்கிப் பிடிக்க
ஹெட்டின் அடியைச் சீவ வேண்டும்.
காசு கொடுத்து வாங்கிய இரும்பை
காசு கொடுத்துத் தூளாக்கினேன்.
தூளை ஒரு பேப்பரில் மடித்துக் கொடுத்தார் நானா,
ஏனென்று தெரியவில்லை.

தலைக்கு மேலே போனால் சாண் என்ன, முழம் என்ன.
இதை நான் புவனமலரிடம் சொல்லவில்லை.
அவள் கலண்டர்த் தாளின் பின்புறத்தில்
பஸ் காசு வரைக்கும் எழுதியிருந்தாள்,
ஹெட்டின் டிக்கட்டைத் தனியாக.

ஏப்ரலில் ஏரிப் பாதையை மூடிக் கொடுத்தார்கள்.
வளைவுகளின் ஊரில் எப்படியோ ஒரு கால் மைல் நேர்கோடு.
போன வருசம் இருபத்து மூன்று தசம் ஏழு செக்கன்.
இந்த வருசம் இருபத்திரண்டு தசம் ஒன்பது.
மொரிஸ் மைனரின் பொனட்டில் கையை வைத்தேன்,
சுட்டது, எடுக்கவில்லை.

புவனமலர் பென்சிலை நாக்கில் தொட்டாள்.
"ஒரு லட்சத்துத் தொண்ணூற்றையாயிரத்து நாற்பது ரூபாய்.
எட்டால வகுத்தா
பத்தில ஒரு செக்கனுக்கு
இருபத்து நாலாயிரத்து முந்நூற்று எண்பது.
லீக்ஸ் கிலோ நூற்றிருபது.
ஒரு முறை கண் சிமிட்ட இருநூறு கிலோ லீக்ஸ், என்ன?"
பக்கத்து வண்டி டொக்டர்
தன் ஹில்மனுக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.
அவர் கணக்கு இதைவிட மோசம் என்று பிறகு கேள்வி.

அவள் கோபப்படவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தாள்,
சந்தையில் மூட்டையைப் பார்ப்பதுபோல.
"நீங்க எண்பத்தெட்டு. நான் ஐம்பத்தொன்று.
இந்த முப்பத்தேழு கிலோவைச் சீவ
எந்த லேத்துக்கும் போக வேண்டாமே."

லொறியில் நுவரெலியாவுக்கும் தம்புள்ளைக்கும்
என்னோடு மாறி மாறி ஓட்டுகிறவள்.
ஹெல்மட் அவளுக்குப் பெரிது; சால்வையை உள்ளே அடைத்தாள்.
பச்சை விளக்கு விழுந்தது.
நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று
எட்டு வால்வையும் என் பல்லால் கடித்துக்கொண்டிருந்தேன்.

இருபத்திரண்டு தசம் ஆறு.

திரும்பி வந்ததும் எஞ்சினை நிறுத்தாமல்
கலண்டர்த் தாளை வாங்கினாள்.
'டிரைவர் மாற்றியது' என்று எழுதி
எதிரே ஒரு கோடு போட்டாள்.
பிறகு தலையைச் சாய்த்தாள்.
"மூன்றாவதுல ஒரு சத்தம். டிக், டிக்.
உங்களுக்குக் கேக்குதா?"

கேட்டது. கேட்கவில்லை என்றேன்.
அவள் ஏற்கெனவே
அடுத்த மாதத் தாளைக் கிழித்துக்கொண்டிருந்தாள்.