மோந்து பார்த்த சாட்சி

பால் கேனோட சொசைட்டிக்குப் போய்ட்டிருந்தவளை
ஜீப்பை நிறுத்திக் கூப்பிட்டாங்க.
"ஏனுங்கம்மா, ஒரு சாட்சிக் கையெழுத்து.
சித்தெ நில்லுங்."

சென்னியப்பன் பனைக்கடியில குத்தவெச்சிருந்தான்,
இடுப்புக் கயிறு இன்னும் அவுக்காம.
முன்னால மூணு முட்டி.
"சுண்ணாம்பு தடவ மறந்துட்டேனுங்க சார்."
அதையே திருப்பித் திருப்பி.
ஒரு விரல் சுண்ணாம்பு.
தடவியிருந்தா தெளுவு, கைப்பிள்ளைக்கும் ஊத்தலாம்.
தடவாம விட்டா
அஞ்சரை லிட்டர் குற்றம்.

எஸ்.ஐ. ஊருக்குப் புதுசு.
முட்டியை என் மூக்குக்கிட்ட நீட்டுனாரு:
"மோந்து பாத்துச் சொல்லுங்க. கள்ளுதானே?"

பொம்பளைக்கு எப்படிங்க தெரியும்?
அப்படித்தான் சொல்லியிருக்கோணும்.
தெரியும்.

வேலந்தாவளம் தாண்டி, கொழிஞ்சாம்பாறையில
ஒறம்பரை வீட்டுக் கல்யாணம், மூணு வருசமாச்சு.
நங்கை சிரிச்சுக்கிட்டே ஒரு கிளாஸை நீட்டுனா.
போர்டு வெச்ச கடையில வாங்குனது.
மத்திமீனுக்கு நடுவுல அரைக் கிளாஸ்.
புளிப்பு, அப்பறம் நாக்கு நுனியில
சின்னதா ஒரு முள்ளு.
சிரிப்பு தானா வந்துச்சு.
திரும்பி வாரப்ப செக்போஸ்டுல
கட்டப்பை, தூக்குப்போசி எல்லாத்தையும் தொறந்து பாத்தாங்க.
வயித்தை யாரும் தொறக்கல.

வீட்டுக்காரரு குடிச்சது வேற.
அது பூராம் சட்டப்படி:
சீல் வெச்ச பாட்டில்,
பகல் பன்னண்டுக்கு மேல, ராத்திரி பத்துக்குள்ள.
ஒருநா கூட நேரம் தப்புனதில்லை.

கடையை மூடுங்கன்னு கிராமசபையில
எந்திரிச்சுக் கத்துனவ நானு.
"எங்க காசு, எங்க ஒடம்பு, உனக்கென்னக்கா?"
வேன் ஓட்டற குழந்தைவேலு கேட்டான்.
கூட்டமே என்னைப் பாத்துச்சு. வாய் வரல.
பொழுதோட மாட்டுக்குத் தண்ணி காட்டறப்பத்தான்
பதில் வந்துச்சு:
ஒடம்பு உங்களுதுதான்.
தூக்கிட்டு வந்த தோளு யாருது?
மாடு கேட்டுக்கிட்டு தலையாட்டுச்சு.

தீர்மானம் போட்டாங்க.
கடை ஆயிரமடி தள்ளிப் போச்சு.
அந்த ஆயிரமடியும் சேத்து
நடத்திக் கூட்டியாந்தவ நான்,
ஐப்பசி மழையில ஒருநா அவரு வராத வரைக்கும்.

சென்னியப்பனும் நல்லவன்னு சொல்ல வரல.
போன பங்குனியில இதே முட்டியைக் குடிச்சுட்டு
பொண்டாட்டி பல்லை ஒடச்சான்.
அதுக்கு எந்த ஜீப்பும் வரல.
அவ இப்ப வேலிக்கு அந்தப்பக்கம் நிக்கறா,
வாயை முந்தானையில பொத்திக்கிட்டு.
அழுவறாளா சிரிக்கறாளான்னு
இங்கிருந்து தெரியல.

"சொல்லுங்கம்மா, நேரமாவுது."

"புளிச்ச வாடை வருதுங்க.
அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

அதையே எழுதிக்கிட்டாங்க.
பேரு?
ருக்குமணி.
க/பெ?
லேட் கிட்டுசாமி.
எப்படி லேட்டானாருன்னு எழுத
அந்தத் தாள்ல கட்டம் இல்லை.

முட்டியைப் பனை வேர்லயே கவுத்தாங்க.
மண்ணு நொரைச்சு, உறிஞ்சி, அமைதியாச்சு.
ஜீப்புல ஏர்றப்ப சென்னியப்பன் என்னைப் பாக்கல,
பொண்டாட்டியைப் பாத்துச் சொன்னான்:
"கயித்த எடுத்து உள்ள வெய்யி."
அவ எடுக்கல.

சொசைட்டியில மணி ஒம்பதரை.
மூடியைத் தொறந்து மோந்த பையன்
"புளிச்சுருச்சுக்கா"ன்னு கேனைத் தள்ளிவிட்டான்.
கேஸ் எதுவும் போடல.

திரிஞ்ச பாலை வாய்க்கால்ல கொட்ட மனசில்ல.
வீட்டுக்குக் கொண்டாந்து
கதவைச் சாத்தி,
சன்னல் வழியா ரோட்டை ஒருவாட்டி பாத்துட்டு,
ஒரு டம்ளர்
நானே குடிச்சேன்.